அதிகம் வாக்களிக்கும் மலைச்சரிவு: பென்னாகரம் தொகுதியின் தேர்தல் வரலாறு

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய நாள், ஏப்ரல் 5. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறின. முன்னும் பின்னும் போலீஸ்காரர்களும் தேர்தல் ஊழியர்களும் நடந்தார்கள். 2019 மக்களவைத் தேர்தலிலும் இப்படித்தான் நடந்தது. படங்கள் நாடு முழுக்கப் பரவின. ‘ஒரு வாக்கும் விடுபடக்கூடாது என்பதற்காக ஆணையம் எவ்வளவு பாடுபடுகிறது’ என்று பலர் நெகிழ்ந்தார்கள். நெகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் ரேஷன் அரிசியும் அதே பாதையில்தான் ஏறுகிறது, பிரசவ வலி எடுத்த பெண்ணும் அதே பாதையில்தான் இறங்க வேண்டும். அதற்கெல்லாம் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

இந்தத் தொகுதியின் தேர்தல் கணக்கை விரிவாகப் பார்த்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. மாநிலத்திலேயே மிக அதிகமாக வாக்களிக்கும் மக்கள், தங்கள் வாக்குக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் பெறுகிறார்கள்? ‘விழிப்புணர்வு இல்லை’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது தவறு என்பதை எண்களே காட்டுகின்றன. இந்தத் தொகுதியில் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிப்பது கூட்டணிப் பங்கீடு. அந்தப் பங்கீடு முடிவாகும் மேசைக்கு மலைப்பாதை பற்றிய மனு போய்ச் சேர்வதே இல்லை. இந்த ஆய்வு சொல்ல வருவது அதைத்தான்.

இடம்

பென்னாகரம் தொகுதியின் மேற்கு எல்லை காவிரி. ஒகேனக்கல்லில் அருவியாக விழும் ஆறு, கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாக விரிகிறது. அந்த நீர்ப்பரப்பின் இக்கரையில் ஒட்டனூர், நாகமரை. அக்கரையில் சேலம் மாவட்டத்தின் கோட்டையூர், பண்ணவாடி. நீரைக் கடந்தால் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய ஊருக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் நெடுந்தூரம் சுற்ற வேண்டும். அதனால் தலைமுறை தலைமுறையாகப் பரிசலும் படகும்தான் போக்குவரத்து. வட்டுவனஅள்ளி ஊராட்சியில் கோட்டூர் மலை, ஏரிமலை, அலகட்டு போன்ற மலையூர்கள் இருக்கின்றன. ஒருபுறம் ஆறும் மறுபுறம் காடும் சூழ்ந்த தொகுதி இது.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. மானாவாரி நிலம், ராகி, சாமை, புளி. மழை தவறிய ஆண்டில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் போகும் குடும்பங்கள். தேர்தல் வந்தால் இவர்கள் பஸ் ஏறி ஊர் திரும்புகிறார்கள். வெளியூரில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் கட்டணத்தையும் கொடுத்து, வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்பும் மனிதருக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது.

2024 மக்களவைத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரியில்தான் நடந்தது, 81.20 விழுக்காடு. மிகக் குறைவு மத்திய சென்னை, 53.96. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் முதலிடம் பெற்ற பாலக்கோடும் (87.33 விழுக்காடு) இதே மாவட்டம்தான். தெருமுனையில் சாவடி இருக்கும் நகரவாசியைவிட, மலை இறங்கியும் ஊர் திரும்பியும் வாக்களிப்பவர்கள் இங்கே அதிகம்.

கட்சிகளின் வரிசை

பென்னாகரத்தில் 1996இலிருந்து வென்றவர்களை வரிசையாகப் பார்த்தால் முதலில் குழப்பமே மிஞ்சும். 1996இலும் 2001இலும் பாமகவின் ஜி.கே. மணி. 2006இல் திமுகவின் பி.என். பெரியண்ணன். அவர் இறந்தபின் 2010 இடைத்தேர்தலில் அவருடைய மகன் பி.என்.பி. இன்பசேகரன். 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நஞ்சப்பன். 2016இல் மீண்டும் இன்பசேகரன். 2021இல் மீண்டும் ஜி.கே. மணி. தேர்தலுக்குத் தேர்தல் மனம் மாறும் தொகுதி என்று இதைப் பார்ப்பவர் நினைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் யார் யாரோடு நின்றார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். படம் தெளிவாகிவிடும்.

வன்னியர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி இது. 1987 செப்டம்பரில் நடந்த இடஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் போராட்டமும், அதில் போன உயிர்களும், 1989இல் பாமக பிறந்ததும் இங்கே குடும்பக் கதைகளாகவே பேசப்படுகின்றன. ஆகவே பாமகவுக்கு இங்கே அசையாத ஓர் அடித்தளம் உண்டு. 2001இல் அக்கட்சி அதிமுக அணியில் இருந்தது, வென்றது. 2006இல் திமுக அணிக்குப் போனது. பென்னாகரத்தைத் திமுகவே எடுத்துக்கொண்டது, ஜி.கே. மணி மேட்டூரில் நின்று வென்றார். இங்கே திமுக வென்றது. 2011இல் பாமக மறுபடி திமுக அணியில். அந்த ஆண்டு மாநிலமெங்கும் அதிமுக அணியின் அலை. அந்த அணி பென்னாகரத்தைக் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்தது, அவர்கள் வென்றார்கள்.

பாமக தனித்து நின்ற 2016தான் இந்த ஆய்வின் முக்கியமான சான்று. முதலமைச்சர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட அன்புமணி ராமதாஸ் போட்டியிட்ட தொகுதி பென்னாகரம். மாநிலமே கவனித்தது. இன்பசேகரன் 76,848 வாக்குகள், அன்புமணி 58,402, அதிமுகவின் கே.பி. முனுசாமி 51,687. இரண்டாம், மூன்றாம் இடங்களைக் கூட்டினால் 1,10,089. ஐந்தாண்டு கழித்து 2021இல் அந்த இரு கட்சிகளும் ஒரே அணியில் நின்றன. ஜி.கே. மணி பெற்றது 1,06,123. இன்பசேகரன் 84,937. அதாவது 2016இல் பிரிந்து கிடந்த வாக்கு 2021இல் கிட்டத்தட்ட அப்படியே ஓரிடத்தில் சேர்ந்தது. திமுகவின் வாக்கு எட்டாயிரம் கூடியும் 21,186 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. வாக்காளர்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கட்சிகள்தான் இடம் மாறின.

2021இல் இன்னொரு காரணமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில் நிறைவேறியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தேர்தலில் கொடுக்கப்பட்ட பெரிய வாக்குறுதி ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

பென்னாகரம் அடங்கிய தருமபுரி மக்களவைத் தொகுதியிலும் கதை இதுவே. 2014இல் அன்புமணி 4,68,194 வாக்குகள் பெற்று 77,146 வித்தியாசத்தில் வென்றார். அதிமுக 37 இடங்களை அள்ளிய அந்தத் தேர்தலில் அதற்குத் தப்பிய இரண்டே தொகுதிகள் கன்னியாகுமரியும் தருமபுரியும். 2019இல் அதே அன்புமணி 5,04,235 வாக்குகள் பெற்றார். வென்றபோது வாங்கியதைவிட முப்பத்தாறாயிரம் அதிகம். ஆனால் தோற்றார், திமுகவின் செந்தில்குமார் 5,74,988 பெற்றிருந்தார். 2024இல் திமுகவின் ஆ. மணி 4,32,667 வாக்குகளில் வென்றார். முந்தைய வெற்றியைவிட 1,42,000 குறைவு. எதிரே பாமகவின் சௌமியா அன்புமணி 4,11,367, அதிமுகவின் அசோகன் 2,93,629 என்று வாக்கு இரண்டாகப் பிரிந்ததால் 21,300 வித்தியாசமே போதுமானதாக இருந்தது. 2014 வெற்றியைப் பற்றிப் பேசும்போது 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த நெருப்புக்குப் பின் மாவட்டத்தின் அரசியல் சாதி அணிகளாக இறுகியது. சாலையும் தண்ணீரும் பள்ளியும் பின்னுக்குப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனாலும் இந்த மாவட்டத்து வாக்காளர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுபவர் என்று எண்ணிவிட வேண்டாம். 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய இரு சட்டமன்ற இடைத்தேர்தல்களும் சேர்ந்து நடந்தன. மக்களவைக்குத் திமுக வென்றது. இரண்டு சட்டமன்ற இடங்களிலும் அதிமுக வென்றது. ஒரே சாவடியில், ஒரே வரிசையில் நின்று, இரண்டு இயந்திரங்களில் இரண்டு கணக்குப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். அதே தேர்தலில் பாப்பிரெட்டிப்பட்டியின் 8 சாவடிகளில் முறைகேட்டுப் புகார்களால் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்ததும் இதே மாவட்டத்தின் வரலாறுதான்.

2010: எல்லோரும் வந்த ஆண்டு

பென்னாகரம் வாக்காளரின் வாக்குக்கு ஒரே ஒரு முறை முழு விலை கிடைத்தது. அது 2010 மார்ச் 27 இடைத்தேர்தல். ஜனவரியில் நடக்க வேண்டியது மார்ச்சுக்குத் தள்ளிப்போனதால் பிரசாரம் மாதக்கணக்கில் நீண்டது. அமைச்சர்கள் ஊர் ஊராக முகாமிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மக்களவைத் தேர்தலில் போட்டியிட்ட எல்லா இடங்களிலும் தோற்றிருந்த பாமகவுக்கு இது உயிர்ப் போராட்டம். திருமங்கலம் இடைத்தேர்தலில் எழுந்த பணப் பட்டுவாடாக் குற்றச்சாட்டுகள் இங்கேயும் எழுந்தன. முடிவு: திமுக 77,669, பாமக 41,285, அதிமுக 26,787. அதிமுக வேட்பாளர் டெபாசிட் இழந்தார்.

பதின்மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2011 ஏப்ரலில் அதே அதிமுகவின் அணி இதே தொகுதியில் வென்றது. இடைத்தேர்தலில் கொட்டப்பட்ட உழைப்பும் பணமும் நிரந்தரமான எதையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த மாதங்களில் அமைச்சர்களின் கார்கள் போன சாலைகள் சரியாயின. கார் ஏற முடியாத மலைக்கு அமைச்சரும் வரவில்லை, சாலையும் வரவில்லை. கோட்டூர் மலை மக்களுக்கு 2010 கூட இன்னொரு சாதாரணத் தேர்தலாகவே கடந்தது. 2019இலும் 2021இலும் கழுதைகள் ஏறியதே அதற்குச் சாட்சி.

தண்ணீர் எப்படி வந்தது

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு இதே தொகுதியிலேயே இருக்கிறது: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிநீருக்கு ஆகாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீரைக் குழந்தையிலிருந்து குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுகள் போகப்போக முட்டியும் முதுகும் இறுகும். பென்னாகரம் பக்கம் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் இளம்பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. தொகுதியின் எல்லையிலேயே காவிரி ஓடியும் குழாயில் ஃபுளோரைடு நீர் வந்த கொடுமை அது.

1998இல் தமிழ்நாடும் கர்நாடகமும் மத்திய அரசின் முன்னிலையில் குடிநீருக்கு ஒத்துக்கொண்டன. 2008 பிப்ரவரி 26 அன்று முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பானியக் கடனுதவியோடு கூடிய திட்டம், மதிப்பீடு பின்னர் 1,928.80 கோடி ரூபாயாகத் திருத்தப்பட்டது. அடிக்கல் நாட்டியவுடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரலில், கர்நாடகத்தில் புதிய அரசு அமையும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. பக்கத்து மாநிலத்தின் தேர்தலுக்காகப் பென்னாகரத்துக் குழந்தைகள் காத்திருந்தார்கள். பின்னர் பணி தொடர்ந்து, 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

ஒரு கட்சி அடிக்கல் நாட்டியது, அதன் எதிர்க்கட்சி திறந்துவைத்தது. தமிழ்நாட்டில் இப்படி நடப்பது அபூர்வம். ஆட்சி மாறியும் இந்தத் திட்டம் சாகாததற்குக் காரணம், இரண்டு மாவட்டங்களின் எல்லாச் சாதி, எல்லாக் கட்சி வாக்காளர்களும் அதே தண்ணீரைக் குடித்தார்கள் என்பதே. எந்தக் கூட்டணி அமைந்தாலும் எந்த வேட்பாளராலும் தட்டிக்கழிக்க முடியாத கோரிக்கையாக அது வளர்ந்திருந்தது. மலைப்பாதை சில நூறு வாக்குகளின் கோரிக்கை. இருபதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் முடிவாகும் தொகுதியில் அந்தச் சில நூறு எந்தப் பக்கம் போனாலும் முடிவு மாறாது. வேட்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலை மக்களுக்கும் தெரியும்.

புறக்கணிப்பும் சாவடிக் கணக்கும்

அப்படியானால் மலை மக்களிடம் என்ன ஆயுதம் இருக்கிறது? தேர்தல் புறக்கணிப்பு என்ற அறிவிப்புப் பலகை பல ஊர்களில் எழுவதைப் பார்க்கிறோம். பலகை வைத்தவுடன் வட்டாட்சியர் பேச வருகிறார். அந்த அளவுக்கு அது வேலை செய்கிறது. ஆனால் சட்டத்தில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. குறைந்தபட்சம் இத்தனை வாக்கு விழ வேண்டும் என்ற விதி இந்தியாவில் கிடையாது. சாவடியில் ஒருவரும் வாக்களிக்காவிட்டாலும் தேர்தல் செல்லும். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024இல் புறக்கணித்தார்கள். தொகுதியின் முடிவு அறிவிக்கப்படுவதை அது தடுக்கவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும் அப்படியே. அது எண்ணப்படும், ஆனால் எதையும் மாற்றாது.

புறக்கணிப்பைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மலையூருக்கென்று தனிச் சாவடி இருக்கும்போது அந்த ஊர் எப்படி வாக்களித்தது என்பது ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து தமிழ்நாடு முழுக்க இயந்திரம். ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியே வெளியாகிறது. சென்னையில் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. சில நூறு பேர் மட்டும் வாழும் மலையூரில், ‘உங்கள் பூத்தில் எங்களுக்கு இத்தனைதான்’ என்று சொல்லியே ஐந்தாண்டு கழிக்க முடியும். பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சிறிய, தனித்த சாவடிகளுக்காவது இந்தப் பாதுகாப்பு வேண்டும். ரகசிய வாக்கு என்ற உரிமை மலையில் ஏறும்போது பாதியாகக் குறைவது நியாயமில்லை.

ஒரு நாள் வரும் அரசு

வாக்குப்பதிவு நாளில் மலையில் என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். முந்தைய நாளே ஊழியர்கள் ஏறியாக வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி, வாக்களிப்புக் கருவி, ஒப்புகைச் சீட்டுக் கருவி, முத்திரைத் தாள்கள், அரக்கு, படிவங்கள், மறைப்பு அட்டை, மைசூரில் தயாராகும் அழியாத மை. பாரம் இருபுறமும் சமமாக இல்லாவிட்டால் கழுதை சரிவில் நிற்காது. காலை முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு. பிறகு அதை அழித்து, முத்திரையிட்டு, 7 மணிக்குக் கதவு திறக்கும். வாக்களித்தவர் கண்ணாடிக்குள் சின்னம் அச்சிட்ட சீட்டை 7 விநாடி பார்க்கலாம். மாலையில் பதிவான மொத்த வாக்கு 17சி படிவத்தில் ஏறும், முகவர்களுக்கு நகல் தரப்படும். நகரத்துச் சாவடியில் நடப்பதில் ஒரு எழுத்துக்கூட இங்கே குறைவதில்லை. இவ்வளவு நுணுக்கமாக, இவ்வளவு நேர்மையாக ஒரு வேலையை மலையில் செய்து முடிக்க அரசால் முடிகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அதோடு, ஒவ்வொரு சாவடியிலும் சாய்தளம், குடிநீர், மின்சாரம், கழிப்பறை இருக்க வேண்டும் என்று ஆணையம் வரையறுத்திருக்கிறது. சக்கர நாற்காலிக்காகப் பள்ளி வாசலில் சாய்தளம் கட்டச் சொல்கிறது விதி. அந்த வாசல்வரை சக்கரமே வர முடியாத ஊருக்கும் அதே விதி. ஆணையத்தைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. சாவடிக்குச் செய்ய முடிவதை ஊருக்குச் செய்ய வேண்டியவர்கள் வேறு துறைகள்.

காட்டுக்குள் சாலை போட வனச் சட்டம் இடம் தராது என்பது அந்தத் துறைகள் வழக்கமாகச் சொல்லும் பதில். பாதி உண்மை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவைதான். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்ற பதின்மூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் ஒதுக்கலாம். தேவைப்படுவது கிராம சபையின் பரிந்துரை. வேட்பாளரின் தயவு அதற்குத் தேவையில்லை, கூட்டணியும் தேவையில்லை. ஒரு ஹெக்டேர் என்பது மூன்று மீட்டர் அகலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான பாதை. நீண்ட மலைப்பாதைக்கு அது முழுதும் போதாமல் போகலாம். அப்போதும் மிகச் செங்குத்தான பகுதிக்கோ, ஆம்புலன்ஸ் ஏறித் திரும்பும் இடம்வரையோ அது போதும்.

மண்டல அலுவலர் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு சாவடிக்குப் போகும் பாதையைப் பார்த்து அறிக்கை தருகிறார். எங்கே வண்டி நிற்கும், எங்கிருந்து நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அறிக்கையின் நகல் வட்டுவனஅள்ளி போன்ற ஊராட்சிகளின் கிராம சபையில் வாசிக்கப்பட்டு, பிரிவு 3(2) தீர்மானத்தோடு இணைக்கப்பட்டு, மாவட்ட வன அலுவலருக்குப் போக வேண்டும். பாதை இல்லை என்று அரசு ஊழியரே கையெழுத்திட்ட ஆவணத்தை எந்தத் துறையும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.